நுண்குமிழ்

நுண்குமிழ் என்பது உயிருள்ள செல்லினுள் ஒற்றைச் சவ்வால் சூழப்பட்டு, நீரும் அதில் கரைந்த பொருள்களும் நிறைந்திருக்கும் ஒரு பை ஆகும். தமிழ்நாட்டில் இது நுண்குமிழ் என்றும் வாக்குவோல் என்றும் வழங்கப்படுகிறது. இலங்கைப் பாடநூல்களில் புன்வெற்றிடம் எனப்படுகிறது. தாவரங்களிலும் பூஞ்சைகளிலும், அமீபா, பாரமீசியம் போன்ற ஒருசெல் உயிரிகளிலும் இதைத் தெளிவாகக் காணலாம். விலங்குச் செல்களில் இருந்தாலும் சிறியதாகவே இருக்கும்.

தாவரச் செல்லின் படம் வரையும் மாணவர் உட்கருவுக்கு ஒரு வண்ணமும் பசுங்கணிகத்துக்கு ஒரு வண்ணமும் தீட்டிவிட்டு, நடுவிலுள்ள பெரிய பகுதியை வெள்ளையாகவே விட்டுவிடுவார். அங்கே ஒன்றும் இல்லை என்ற எண்ணம் மனத்தில் பதிந்துவிடுகிறது. உண்மையில் முதிர்ந்த தாவரச் செல்லின் கன அளவில் 80 முதல் 90 விழுக்காடு வரை அந்த 'வெள்ளைப் பகுதி'தான். செடி நிமிர்ந்து நிற்பது, கரும்பு இனிப்பது, எலுமிச்சை புளிப்பது, சங்குப்பூ நீலமாக இருப்பது எல்லாவற்றுக்கும் அதற்குள் இருக்கும் நீர்மமே காரணம்.

பெயர் வந்த விதம்

இத்தாலிய அறிஞர் லாசரோ ஸ்பல்லான்சானி 18ஆம் நூற்றாண்டில் நீரில் வாழும் நுண்ணுயிரிகளை ஆராய்ந்தபோது, அவற்றின் உடலில் விண்மீன் வடிவில் ஒன்று சுருங்கி விரிவதைக் கண்டார். அதை மூச்சு உறுப்பு என்று கருதினார். பிறகு 1841இல் பிரெஞ்சு உயிரியலாளர் பெலிக்ஸ் துஜார்தான் இவற்றுக்கு 'வாக்குவோல்' என்று பெயரிட்டார். வெறுமை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. அக்கால நுண்ணோக்கியில் தெளிந்த நீர்மம் நிறைந்த பை வெற்றிடமாகவே தெரிந்திருக்கும். பெயர் நிலைத்துவிட்டது. அதனுடன் தவறான எண்ணமும் நெடுங்காலம் நிலைத்தது.

தாவர நுண்குமிழைச் சூழ்ந்துள்ள சவ்வுக்கு டோனோபிளாஸ்ட் என்று பெயர். 1885இல் இப்பெயரைச் சூட்டியவர் நெதர்லாந்தின் தாவரவியலாளர் ஹியூகோ டி விரீஸ். மெண்டலின் மரபியல் விதிகளை 1900இல் மீண்டும் வெளிக்கொணர்ந்தவர்களில் ஒருவராகவே இவரை மாணவர்கள் அறிவர். செல்லின் விறைப்புக்குக் காரணமான சவ்வு என்ற கருத்தில் அவர் இந்தப் பெயரை வைத்தார். அந்தக் கருத்து பின்னர் சரியென உறுதியானது.

அமைப்பு

இளஞ்செல்களில், அதாவது வேர் நுனியிலும் தண்டு நுனியிலும் பிரிந்துகொண்டிருக்கும் செல்களில், சிறு சிறு நுண்குமிழ்கள் பல இருக்கும். செல் வளரும்போது அவை ஒன்றோடொன்று சேர்ந்து நடுவில் ஒரே பெரிய நுண்குமிழாகின்றன. சைட்டோபிளாசம், உட்கரு, பசுங்கணிகங்கள் யாவும் ஓரமாகத் தள்ளப்பட்டு, செல் சுவரை ஒட்டி ஒரு மெல்லிய படலமாக நிற்கின்றன.

இந்தப் படலம் எவ்வளவு மெல்லியது என்பதை ஒரு கணக்கால் உணரலாம். செல்லை 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள பந்தாகப் பெரிதாக்கிக்கொள்வோம். அதன் கன அளவில் 90 விழுக்காடு நுண்குமிழ் என்றால், அதைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்தின் தடிப்பு ஏறத்தாழ 1.7 மில்லிமீட்டர் மட்டுமே.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கனம் இருக்கிறது. சைட்டோபிளாசம் புரதத்தால் ஆனது. புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும். மண்ணில் நைட்ரஜன் எளிதில் கிடைப்பதில்லை. இடம் பெயர முடியாத செடி, வெயிலையும் காற்றையும் பிடிக்கப் பெரிய இலைகளை விரித்தாக வேண்டும். அந்த இலை முழுவதையும் புரதத்தால் நிரப்பினால் கட்டுப்படியாகாது. நீரையும் சிறிது உப்பையும் கொண்டு செல்லைப் பெரிதாக்கிக்கொள்வது மலிவான வழி. ஓரத்துக்குத் தள்ளப்பட்ட பசுங்கணிகங்களுக்கும் இதனால் இழப்பில்லை. ஒளியும் கார்பன் டை ஆக்சைடும் அவற்றுக்கு அருகிலேயே கிடைக்கின்றன.

டோனோபிளாஸ்ட் வெறும் உறை அன்று. ஆற்றலைச் செலவிட்டு ஹைட்ரஜன் அயனிகளை, அதாவது புரோட்டான்களை, உள்ளே தள்ளும் புரதப் பம்புகள் அதில் பதிந்துள்ளன. அதனால் நுண்குமிழின் உட்பகுதி அமிலத்தன்மை உடையதாக இருக்கிறது. சைட்டோபிளாசத்தின் பி.எச். அளவு 7ஐ ஒட்டி இருக்க, நுண்குமிழில் அது பொதுவாக 5 முதல் 6 வரை இருக்கும். எலுமிச்சைச் சாற்றுச் செல்களில் 3க்கும் கீழே போய்விடும். உள்ளே குவிந்த புரோட்டான்கள் வெளியே திரும்ப முயலும் விசையைப் பயன்படுத்திக்கொண்டு சர்க்கரை, சோடியம், கால்சியம் முதலியவை உள்ளே ஏற்றப்படுகின்றன. மேட்டுத் தொட்டியில் நீரை ஏற்றி வைத்து, அது இறங்கும் வேகத்தில் வேறு வேலையை முடித்துக்கொள்வது போன்ற முறை இது.

விறைப்பு

வாங்கி வந்து வெயிலில் கிடந்த கீரைக்கட்டு துவண்டுவிடுகிறது. தண்ணீரில் நனைத்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் நிமிர்கிறது. கீரைத் தண்டுக்கு எலும்பில்லை. மரத்தைப் போல் வைரம் பாய்ந்த கட்டையும் இல்லை. அதை நிமிர்த்துவது நுண்குமிழ்தான்.

நுண்குமிழில் சர்க்கரையும் உப்புகளும் அமிலங்களும் கரைந்திருப்பதால், சவ்வூடு பரவல் விதிப்படி வெளியிலுள்ள நீர் உள்ளே வருகிறது. நுண்குமிழ் உப்பி, சைட்டோபிளாசத்தைச் செல் சுவரின்மேல் அழுத்துகிறது. சுவர் உறுதியானதாகையால் திருப்பி அழுத்துகிறது. இந்த அழுத்தமே விறைப்பழுத்தம். இலைச் செல்களில் இது 0.5 மெகாபாஸ்கல் அளவுக்கு இருப்பது சாதாரணம். கார் டயரில் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட அளவு அது. ஒவ்வொரு செல்லும் இப்படிக் காற்றடைத்த டியூப் போலத் தன் அண்டைச் செல்லை அழுத்தி நிற்பதால்தான் வாழைக்கன்றின் இளம் இலையும் நிமிர்ந்து நிற்கிறது.

மாறாக, மாங்காய்த் துண்டுகளில் உப்பைக் கலந்து வைத்தால் நீர் வெளியேறித் துண்டுகள் சுருங்குகின்றன. வெளியில் உப்புச் செறிவு கூடியதால் நுண்குமிழிலிருந்து நீர் வெளியே இழுக்கப்படுகிறது. நுண்குமிழ் சுருங்கச் சுருங்க, செல் சவ்வு சுவரிலிருந்து விலகி உள்வாங்குகிறது. இதற்கு பிளாஸ்மோலைசிஸ் என்று பெயர். டி விரீஸ் இதை அளவுகோலாகவே பயன்படுத்தினார். எந்தக் கரைசலில் எந்தச் செறிவில் செல் சுருங்கத் தொடங்குகிறது என்று அவர் அளந்து வைத்த விவரங்கள், வான்ட் ஹாஃப் சவ்வூடு பரவல் அழுத்தக் கோட்பாட்டை உருவாக்கத் துணைபுரிந்தன. வேதியியலுக்கான முதல் நோபல் பரிசை 1901இல் பெற்றவர் அந்த வான்ட் ஹாஃப்.

உரத்தை அளவுக்கு மீறிப் போட்டால் பயிர் கருகுவதற்கும் இதுவே காரணம். மண் நீரில் உப்புச் செறிவு ஏறிவிட்டால், வயலில் தண்ணீர் நின்றாலும் வேர்ச் செல்களால் அதை இழுக்க முடியாது.

செடிகளின் அசைவுகளிலும் நுண்குமிழின் பங்கு உண்டு. இலைத்துளைகளின் இருபுறமும் உள்ள காப்புச் செல்களின் நுண்குமிழ்களில் பொட்டாசியம் ஏறும்போது நீரும் ஏறுகிறது. செல்கள் உப்பி வளைய, துளை திறக்கிறது. பொட்டாசியம் வெளியேறினால் துளை மூடுகிறது. தொட்டாற்சிணுங்கியின் இலைக்காம்படியில் உள்ள புடைப்பில் ஒரு பக்கத்துச் செல்கள் தொட்டவுடன் பொட்டாசியத்தையும் குளோரைடையும் நீரையும் வெளியே விட்டுவிடுகின்றன. அந்தப் பக்கம் விறைப்பிழந்து இலை மடிகிறது. தசையே இல்லாமல் நடைபெறும் அசைவு அது.

களஞ்சியமும் நச்சறையும்

கரும்புத் தண்டின் சர்க்கரை அதன் செல்களின் நுண்குமிழ்களில்தான் சேர்கிறது. ஆலையில் பிழியப்படுவது பெரும்பாலும் நுண்குமிழின் சாறே. உளுந்து, துவரை, பச்சைப்பயறு போன்ற விதைகளில் புரதத்தைச் சேமிப்பதற்கென்றே தனி வகை நுண்குமிழ்கள் உள்ளன. பயறு முளைக்கும்போது அவற்றுக்குள் நொதிகள் வேலை செய்து புரதத்தைச் சிதைத்து முளைக்கு உணவாக்குகின்றன. பிறகு அவையே ஒன்றுசேர்ந்து சாதாரணப் பெரிய நுண்குமிழாகிவிடுகின்றன.

பூக்களின் சிவப்பு, ஊதா, நீல நிறங்களில் பெரும்பாலானவை நுண்குமிழில் கரைந்துள்ள ஆந்தோசயனின் என்னும் நிறமிகள். அமிலத்தில் சிவந்தும் அமிலம் குறைந்தால் நீலமாகவும் தெரிவது இவற்றின் இயல்பு. சங்குப்பூவைக் கொதிக்க வைத்த நீல நீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறுவதை வீட்டிலேயே பார்க்கலாம். வான்நீல நிறமுள்ள ஒரு வகைக் காலைப்பூச் செடியே இம்மாற்றத்தைச் செய்துகொள்கிறது. மொட்டாக இருக்கையில் செவ்வூதா நிறமுள்ள இதழ், மலரும்போது நுண்குமிழின் பி.எச். 6.6இலிருந்து 7.7க்கு உயர்வதால் நீலமாகிறது. தக்காளியின் சிவப்பும் சாமந்தியின் மஞ்சளும் நுண்குமிழைச் சேர்ந்தவை அல்ல. அவை வேறு நுண்ணுறுப்பான வண்ணக்கணிகத்தில் உள்ளவை. பீட்ரூட்டின் நிறமி நுண்குமிழில் இருப்பது. பீட்ரூட் துண்டைக் கழுவிவிட்டுக் குளிர்ந்த நீரில் போட்டால் அதிகம் சாயம் இறங்காது. வெந்நீரில் போட்டால் உடனே இறங்கும். வெப்பம் டோனோபிளாஸ்டைச் சிதைத்துவிடுவதே காரணம். கீரையை மூடி நெடுநேரம் வேகவைத்தால் பழுப்புப் பச்சையாவதும் இதன் தொடர்ச்சிதான். நுண்குமிழிலிருந்து வெளிப்பட்ட அமிலம் பச்சையத்திலுள்ள மக்னீசியத்தை நீக்கிவிடுகிறது.

செடி தனக்கே தீங்கான பொருள்களையும் நுண்குமிழில் பூட்டி வைக்கிறது. சேப்பங்கிழங்கும் கருணைக்கிழங்கும் கையிலும் நாக்கிலும் அரிப்பை உண்டாக்குவது, சில செல்களின் நுண்குமிழ்களில் கட்டுக்கட்டாக இருக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகளால். வெங்காயத்தில் நொதி நுண்குமிழிலும், அது தாக்க வேண்டிய கந்தகச் சேர்மம் சைட்டோபிளாசத்திலுமாகப் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. கத்தி பட்டதும் இரண்டும் கலக்க, கண்ணை எரிக்கும் ஆவி பிறக்கிறது. முழு வெங்காயம் யாரையும் அழ வைப்பதில்லை.

மரவள்ளியில் இந்த ஏற்பாடு உயிரைப் பறிக்கக் கூடியது. லினமாரின் என்னும் பொருள் நுண்குமிழிலும், அதைச் சிதைக்கும் நொதி செல் சுவரிலும் இருக்கின்றன. இலையை மெல்லும்போதோ கிழங்கை நசுக்கும்போதோ இரண்டும் சேர்ந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. பச்சை மரவள்ளி இலையைத் தின்ற ஆடுமாடுகள் நச்சுப்பாதிப்புக்கு உள்ளாவது இதனால்தான். கிழங்கைத் துருவி, ஊறவைத்து, பிழிந்து, காயவைத்து அல்லது நன்கு வேகவைத்து உண்பது வெறும் சுவைக்கான பழக்கம் அன்று. நச்சை ஆவியாகவும் நீரோடும் போக்கும் வழி அது.

இரவில் புளிக்கும் இலை

மதராஸ் மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகப் பணியாற்றிய பெஞ்சமின் ஹைனே, ரணகள்ளி இலையை வெவ்வேறு வேளைகளில் மென்று பார்த்தார். காலையில் புளித்தது, நண்பகலில் சுவையற்றுப் போனது, மாலையில் சற்றே கசந்தது. இந்தியாவில் தான் கண்ட இச்செய்தியை அவர் எழுதியனுப்ப, லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் 1815இல் அது வெளிவந்தது. நாக்கை மட்டுமே கருவியாகக் கொண்டு செய்த இந்த ஆய்வு, தாவரவியலில் ஒரு பெரிய இயலின் தொடக்கங்களுள் ஒன்றாக இன்று மதிக்கப்படுகிறது.

வறண்ட நிலத்துச் செடி பகலில் இலைத்துளையைத் திறந்தால் நீரை இழந்துவிடும். ஆகவே ரணகள்ளி, சப்பாத்திக்கள்ளி, கற்றாழை, பிரண்டை, அன்னாசி முதலியவை இரவில் துளையைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி, அதை மாலிக் அமிலமாக்கி நுண்குமிழில் சேமிக்கின்றன. விடியலில் நுண்குமிழ் அமிலத்தால் நிறைந்திருக்கும். பகலில் துளைகளை மூடிக்கொண்டு, அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து, அதிலிருந்து கிடைக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு ஒளிச்சேர்க்கை நடத்துகின்றன. இவ்வளவு அமிலத்தைச் சைட்டோபிளாசத்தில் வைத்திருந்தால் செல் பிழைக்காது.

ஈஸ்ட்டும் நோபல் பரிசும்

பூஞ்சைகளில் நுண்குமிழ் ஒரு சிதைப்புக் கூடம். பழுதான புரதங்களும் நுண்ணுறுப்புகளும் அங்கே கொண்டுவரப்பட்டு நொதிகளால் பிரிக்கப்படுகின்றன. விலங்குச் செல்லில் லைசோசோம் செய்யும் வேலை இது. ஜப்பானிய அறிவியலாளர் யோஷினோரி ஓசுமி, சிதைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட் செல்களைப் பட்டினி போட்டு நுண்ணோக்கியில் கவனித்தார். சில மணி நேரத்தில் நுண்குமிழுக்குள் சிறு உருண்டைகள் நிறைந்து துள்ளுவதைக் கண்டார். செல் தன் பகுதிகளையே பொட்டலம் கட்டி நுண்குமிழுக்கு அனுப்புகிறது, ஆனால் அங்கே அவை சிதையாமல் தேங்குகின்றன என்பது விளங்கியது. தன்னுண்ணல் எனப்படும் இச்செயலுக்குத் தேவையான மரபணுக்களை அவர் தொடர்ந்து கண்டறிந்தார். அவற்றின் இணைகள் மனிதச் செல்களிலும் உள்ளன. 2016இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

ஒருசெல் உயிரிகளில்

அமீபா இரையைச் சூழ்ந்து விழுங்கும்போது உண்டாகும் பை உணவுக் குமிழ் எனப்படும். செரிமானம் அதற்குள் நடைபெறும். நன்னீரில் வாழும் அமீபாவுக்கும் பாரமீசியத்துக்கும் செல் சுவர் கிடையாது. உள்ளே நுழையும் நீரை வெளியேற்றாவிட்டால் அவை உப்பி வெடித்துவிடும். அதைத் தடுப்பது சுருங்கும் நுண்குமிழ். பாரமீசியத்தில் முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு உண்டு. சுற்றிலும் ஆரக்கால் போன்ற கால்வாய்கள் நீரைத் திரட்டிக் கொடுக்க, குமிழ் நிறைந்ததும் சுருங்கி நீரை வெளியே தள்ளுகிறது. ஸ்பல்லான்சானி கண்ட விண்மீன் இதுவே. சுற்றியுள்ள நீரில் சிறிது உப்பைச் சேர்த்தால் சுருங்கும் வேகம் குறைந்துவிடும்.

மலேரியா ஒட்டுண்ணியின் உணவுக் குமிழ் மனித வரலாற்றோடு தொடர்புடையது. இரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்த ஒட்டுண்ணி, அங்குள்ள ஹீமோகுளோபினை விழுங்கித் தன் உணவுக் குமிழில் செரிக்கிறது. அப்போது எஞ்சும் ஹீம் ஒட்டுண்ணிக்கே நஞ்சு. அதைக் கரையாத பழுப்புப் படிகமாக்கி அக்குமிழிலேயே ஒதுக்கி வைக்கிறது. 1897 ஆகஸ்ட் 20 அன்று சிகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில் ஒட்டுண்ணியைக் கண்டபோது, அது மலேரியாவுக்கு உரியது என்று அவர் அடையாளம் கண்டது இந்த நிறத் துகள்களைக் கொண்டே.

குளோரோகுவின் மாத்திரை தாக்கும் இடமும் அதே உணவுக் குமிழ்தான். காரத்தன்மையுள்ள அம்மருந்து சவ்வைக் கடந்து உள்ளே போகிறது. உள்ளிருக்கும் அமிலத்தில் மின்னேற்றம் பெற்றதும் வெளியே வர முடியாமல் சிக்கிச் செறிகிறது. ஹீம் படிகமாவதை அது தடுக்க, ஒட்டுண்ணி தன் கழிவாலேயே மடிகிறது. குமிழின் சவ்வில் உள்ள ஒரு கடத்துப் புரதத்தில், 76ஆம் இடத்திலிருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் திரியோனினாக மாறியது முக்கியமான மாற்றம். மாறிய புரதம் மருந்தை வெளியே கடத்திவிடுகிறது. பால்சிபாரம் வகை மலேரியாவுக்குக் குளோரோகுவின் பல நாடுகளில் பயனற்றுப் போனதற்கும், ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்துகள் அவ்விடத்தைப் பிடித்ததற்கும் பின்னணி இந்த மாற்றமே.

பெயர்க் குழப்பங்கள்

கொழுப்புச் செல்லில் பெரிதாகத் தெரியும் கொழுப்புத் துளி நுண்குமிழ் அன்று. அதைச் சுற்றி முழுமையான இரட்டைக் கொழுப்படுக்குச் சவ்வு இல்லை. நீலப்பசும்பாசிகள் நீரில் மிதக்க உதவும் 'வாயுக் குமிழ்கள்' புரத உறையால் ஆனவை. இவையும் பெயரளவிலேயே நுண்குமிழ்கள். பாக்டீரியாக்களில் உண்மையான பெரிய நுண்குமிழ் அரிது. நமீபியக் கடலடிச் சேற்றில் 1997இல் கண்டெடுக்கப்பட்ட தயோமார்கரிட்டா நமீபியென்சிஸ் அதற்கு விலக்கு. வெறுங்கண்ணுக்கே தெரியும் இந்த பாக்டீரியத்தின் உடல் ஏறத்தாழ முழுவதும் நைட்ரேட் நிறைந்த நுண்குமிழே.

உவர் நிலமும் நுண்குமிழும்

கடலோரத்து உமரிக்கீரை உப்பளத்துக்கு அருகிலும் செழிக்கிறது. அதே மண்ணில் நெல் கருகுகிறது. சோடியம் சைட்டோபிளாசத்தில் மிகுந்தால் நொதிகளின் வேலை கெடும். உமரி தன் வேர் இழுக்கும் சோடியத்தை நுண்குமிழுக்குள் தள்ளிப் பூட்டிவிடுகிறது. இதனால் இரண்டு பயன். நஞ்சு ஒதுக்கப்படுகிறது, அந்த உப்பே உவர் மண்ணிலிருந்து நீரை இழுக்கவும் துணைசெய்கிறது. இலை தடித்துச் சாறு நிறைந்திருப்பதும் கடித்தால் உப்புக்கரிப்பதும் இதனால்தான். சைட்டோபிளாசத்தில் நீர்ச் சமநிலை குலையாதிருக்க, கிளைசின் பீட்டைன் போன்ற தீங்கற்ற பொருள்களை அது அங்கே சேர்த்துக்கொள்கிறது.

டோனோபிளாஸ்டில் சோடியத்தை உள்ளே தள்ளும் புரதத்துக்கான மரபணுவைக் கூடுதலாகச் செயல்பட வைத்தால் சாதாரணச் செடியும் உப்பைத் தாங்கும் என்று 1999இல் அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில் காட்டப்பட்டது. 2001இல் தக்காளியிலும் இது செய்யப்பட்டது. 200 மில்லிமோலார் உப்புள்ள நீரில், அதாவது கடல்நீரில் இருப்பதில் பாதிக்குச் சற்றுக் குறைவான உப்பில், அச்செடிகள் வளர்ந்து காய்த்தன. சோடியம் இலைகளில் தங்கியது; பழத்தில் மிகக் குறைவாகவே சேர்ந்தது. ஆயினும் ஆய்வகத் தொட்டியிலிருந்து வயலுக்கு வருவது எளிதாக இல்லை. வேரில் உப்பைத் தடுப்பது, தண்டில் ஏறாமல் காப்பது, இலையில் ஒதுக்குவது எனப் பல மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை அது. கடல்நீர் உட்புகும் கடலோர வயல்களில் இன்றைக்கு உழவர்கள் நம்பியிருப்பது பொக்காலி போன்ற பழைய உவர்தாங்கி நெல் வகைகளையும் அவற்றிலிருந்து ஒட்டுக்கட்டி உருவாக்கிய ரகங்களையுமே.